பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கும் முன் இன்ஜினைப் பார்ப்பது எப்படி? பெங்களூருக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மாதம் ஓசூரிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, கோரமங்கலாவுல ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வந்திருக்கு. 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஒரே ஓனர். டோக்கன் குடுத்துடட்டுமா?"

"மீட்டர் கிடக்கட்டும். ட்ரிப் கம்ப்யூட்டர்ல நீண்ட கால சராசரி வேகம் என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: மணிக்கு 15 கிலோமீட்டர்.

38,000-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள். இன்ஜின் 2,500 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. சேலத்துக்கும் பெங்களூருக்கும் போய் வந்து 80,000 ஓடிய வண்டி, சராசரி 50 என்றால், 1,600 மணி நேரம்தான் ஓடியிருக்கும். மீட்டரில் பாதி காட்டும் வண்டியின் இன்ஜின்தான் இங்கே வயதில் மூத்தது. பதினைந்து வருடமாக இந்த ஊரில் டர்போ கார்களோடு (புகையின் விசையால் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் விசிறிதான் டர்போ) வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினை வேகம் கொல்வது அபூர்வம். சூடு, பழைய ஆயில், நின்ற இடத்தில் ஓடிய மணி நேரம், இந்த மூன்றும்தான் கொல்கின்றன. அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கிலோமீட்டரை மணி நேரமாக மாற்றுங்கள்

சராசரி வேகத்தை யாராவது அழித்திருந்தால் ஓனரிடம் பேச்சுக் கொடுங்கள். வீடு எங்கே, ஆபீஸ் எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புவார்? மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டி என்றால் வழி முழுக்க நெரிசல்தான், வேறு கேள்வியே வேண்டாம்.

டிராஃபிக்கில் நிற்கும்போது இன்ஜினுக்கு என்ன ஆகிறது? ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் குறைவு. காற்றோட்டம் இல்லாததால் டர்போவின் சூடு பானெட்டுக்கு அடியிலேயே தங்கி, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய், ரப்பர் ஹோஸ், வயரிங் எல்லாவற்றையும் வறுத்தெடுக்கிறது. நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டியில் ஆயில் முழுசாகச் சூடேறுவதே இல்லை. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தால் சில வண்டிகளில் பெட்ரோல் பங்க் வாசனையே வரும். அந்த ஆயில் தண்ணீர் போல நீர்த்து, பேரிங்குக்கு மெத்தையாக இருக்க வேண்டிய வேலையைச் செய்யாது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் நினைவில் வையுங்கள். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குப் பவரை இழந்துவிட்டு சும்மா இருக்கும். டர்போ இன்ஜின் அப்படி விடாது, அதே பூஸ்ட்டை (காற்றழுத்தத்தை) கொடுக்க டர்பைனை இன்னும் வேகமாகச் சுற்றும். பிக்கப் குறையவில்லை என்று நாம் மகிழ்கிறோம், டர்போ கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: எந்த இன்ஜின், அதற்கு என்ன வியாதி

மாடல் பெயரைவிட இன்ஜின் கோடு முக்கியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரை வியாதி ஒன்று உண்டு. தெரிந்துகொண்டு போனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும்.

நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் பார்ப்பது ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஈஏ888. ஸ்கோடா லாரா, பழைய சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ ஆகியவற்றில் வந்த ஆரம்பத் தலைமுறைகளுக்கு இரண்டு பலவீனம். ஒன்று டைமிங் செயின் டென்ஷனர், அதாவது வால்வுகளை இயக்கும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகம். வண்டி நிற்கும்போது ஆயில் பிரஷர் இல்லை, டென்ஷனரைப் பிடித்து வைக்க வேண்டிய பல் நழுவும், செயின் தளரும். அடுத்த ஸ்டார்ட்டில் செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு இன்ஜினை இறக்க வேண்டியதுதான். கம்பெனி பிறகு டென்ஷனரை மாற்றி வடிவமைத்தது. கீழ் டைமிங் கவரில் சின்ன மூடி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி டார்ச் அடித்தால் உள்ளே இருப்பது பழையதா புதியதா என்று விஷயம் தெரிந்த மெக்கானிக் சொல்லிவிடுவார். அரை மணி நேர வேலை, அவசியம் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது, ஆயில் குடிப்பது. ஆயில் ரிங் மெல்லியதாக இருப்பதால் கார்பன் அடைத்துக்கொள்ளும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் ஊற்றுகிறேன் என்று ஓனர் சொன்னால் பிஸ்டன், ரிங் செலவைக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாம் தலைமுறை ஈஏ888 நன்றாகத் தேறிவிட்டது. 2017-ல் வந்த 230 பிஎஸ் ஆக்டேவியா ஆர்எஸ், 2020-ல் 200 வண்டிகள் மட்டும் வந்த ஆர்எஸ் 245 எல்லாம் இந்த வகை. இங்கே சிக்கல் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் இரண்டும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங். சூட்டில் வளைந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கூலன்ட் அளவு மெல்ல இறங்குவதும், கியர்பாக்ஸ் மேல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த கறை இருப்பதும்தான் அடையாளம்.

பிஎம்டபிள்யூவில் என்54 என்ற 3 லிட்டர் ட்வின் டர்போ ஆறு சிலிண்டர் இன்ஜின் 2006-ல் வந்தது. பவரில் அருமை, ஆனால் ஹை பிரஷர் ஃபியூயல் பம்ப் பழுதால் 2010-ல் அமெரிக்காவில் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. இன்ஜெக்டர், டர்போவின் வேஸ்ட்கேட் வால்வுச் சத்தம், வால்வில் கார்பன் என்று பட்டியல் நீளும். பின்னால் வந்த என்55-ல் பல குறைகள் சரியாகின. எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் மட்டும் முன்னறிவிப்பில்லாமல் போகும், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட் கசிந்து பெல்ட்டை நனைக்கும். நனைந்த பெல்ட் கழன்று கிராங்க் சீலுக்குள் போனால் ஒரு கேஸ்கட்டில் முடிய வேண்டிய செலவு இன்ஜின் வரை போகும். நான்கு சிலிண்டர் என்20-ல், 2015 வாக்கில் மாற்றும் வரை, செயின் கைடு பிளாஸ்டிக் நொறுங்கும். ஆர்பிஎம் ஏற ஏறக் கூடவே ஏறும் 'ஙீ' என்ற ஊளைச் சத்தம் முன்பக்கத்தில் கேட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். உடைந்த துண்டுகள் சம்பில் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) விழுந்து, ஆயிலை உறிஞ்சும் குழாயை அடைத்துவிடும். 2015-ல் வந்த பி58 இந்தக் கூட்டத்திலேயே எனக்கு மிகவும் நம்பிக்கையான இன்ஜின்.

எம்3-ல் வந்த 4 லிட்டர் வி8 எஸ்65, எம்5-ன் வி10 எஸ்85 இரண்டும் எட்டாயிரம் ஆர்பிஎம் தாண்டிப் பாடும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங்தான் அவற்றின் உயிர்நாடி. 10டபிள்யூ-60 கிரேடு தவிர வேறு ஆயில் ஊற்றிய பில் இருந்தாலோ, பேரிங் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றாலோ, விலையில் அதைக் கழித்துத்தான் பேச வேண்டும். மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் 6.2 லிட்டர் எம்156-ல் ஆரம்ப வண்டிகளின் ஹெட் போல்ட் அரித்து முறியும், கேம்ஷாஃப்ட்டும் லிஃப்டரும் தேயும். போர்ஷேவில் எம்96, எம்97 இன்ஜின்களுக்கு இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் பெயர்போன பலவீனம். இன்னொன்று சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது. இரண்டு சைலன்சர் குழாயில் ஒன்று மட்டும் கரி பிடித்திருந்தால் அந்தப் பக்க சிலிண்டர்களைச் சந்தேகப்படுங்கள். 2009 மாடலிலிருந்து வந்த புது இன்ஜினில் அந்த ஷாஃப்ட்டே இல்லை.

ஹோண்டா சிட்டி விடெக் தேடுகிறவர்களுக்கு ஒரே வரி: இன்ஜின் கெட்டி, இருபது வருடத்துக்கு மேலான ரப்பரும் ரேடியேட்டரும்தான் பிரச்சினை.

மூன்றாம் படி: பில்லைக் கேளுங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் சீல் இருந்தால் போதாது. பில்லில் ஆயில் எந்த கிரேடு, எந்தத் தேதி, எத்தனை லிட்டர் என்று பாருங்கள். கம்பெனி 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று எழுதியிருக்கும். நம் ஊர் டிராஃபிக்கில் அதில் பாதிதான் சரி: 7,500 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. இடையில் தானாகவே ஆயில் மாற்றிய பில் வைத்திருக்கும் ஓனர் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கட்சி.

சின்ன டர்போ இன்ஜின்களுக்கு இன்னொரு பார்வை வேண்டும். 1,500 ஆர்பிஎம்மில், பெரிய கியரில், ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கினால், ஸ்பார்க் வரும் முன்பே கலவை தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஒரே அடியில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடும். ஆயிலில் இருக்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்துத்தான் 2020-ல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்பி போன்ற ஆயில் தரங்களில் இதற்கென்றே சோதனை வைத்தார்கள். ஆகவே பில்லில் எஸ்பி தர ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காம் படி: இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது போங்கள்

காலை ஆறரைக்கு வருகிறேன், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் வெளியே முன்பக்கம் நில்லுங்கள், சாவி ஓனர் கையில் இருக்கட்டும். முதல் மூன்று நொடிகளில்தான் செயின் பேசும். ஆயில் பிரஷர் ஏறுமுன் சங்கிலியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போலக் கேட்டால் டென்ஷனர் அல்லது கைடு. டிக் டிக் என்று சீராக வந்து சூடானதும் குறைந்தால் லிஃப்டர் அல்லது இன்ஜெக்டர். இன்ஜெக்டர் டிக் சாதாரணம். அடி வயிற்றிலிருந்து வரும் கனமான தட்டல், ஆக்சிலேட்டரை விடும்போது கூடினால், ராட் பேரிங். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

புகையையும் பாருங்கள். நீலம் ஆயில். விடாத வெள்ளையும் இனிப்பு வாசனையும் கூலன்ட். குளிர்ந்த காலையில் ஒரு நிமிடம் வரும் வெள்ளை வெறும் நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். இலேசான இழுப்பு இருக்கலாம். இரண்டு கையால் பிடுங்கும் அளவுக்கு உறிஞ்சினாலோ விசில் அடித்தாலோ கிராங்க்கேஸ் வென்ட்டிலேஷன் டயாஃப்ரம் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வால்வின் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. மூடிக்கு அடியில் மோர் போலத் திரிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்

அரை மணி நேரம் நெரிசலில், பிறகு நைஸ் ரோடு என்ற டோல் ரோட்டில். வரிசை முக்கியம். நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, ஃபேன் விடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆயில் டெம்பரேச்சர் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்க வேண்டும், அது அடுத்தவர் வண்டி. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ரெட் லைன் (மீட்டரில் சிவப்பு தொடங்கும் உச்ச ஆர்பிஎம்) வரை ஒருமுறை இழுங்கள். நடுவில் தயங்கினால் காயில், பிளக் அல்லது பூஸ்ட் கசிவு. நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, திரும்ப அமுக்கும்போது கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால் வால்வு சீல் அல்லது டர்போ சீல். நந்தி மலை ஏறி இறங்க நேரம் கிடைத்தால் அதைவிட நல்ல சோதனை இந்த ஊரில் இல்லை.

ஆறாம் படி: பணம் கொடுக்கும் முன் செய்யும் சோதனைகள்

இங்கேதான் பெரும்பாலானோர் கை இறுகுகிறது. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் பார்த்து லட்சங்களை விடுகிறார்கள். வண்டியை நீங்கள் நம்பும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். விற்பவர் சொல்லும் பட்டறை வேண்டாம்.

முதலில் ஸ்கேனர். எரர் கோடு அழித்து எவ்வளவு தூரம் ஆயிற்று என்று பார்க்க வேண்டும். நேற்றுத்தான் அழித்தார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் நீண்ட காலத் திருத்தம்) பத்து சதவீதத்துக்கு மேலோ கீழோ போயிருந்தால் எங்கோ காற்றோ பெட்ரோலோ கசிகிறது. போர்ஷே என்றால் ரெட் லைன் தாண்டிச் சுற்றிய பதிவு கம்ப்யூட்டரிலேயே இருக்கும், அச்சிட்டு வாங்குங்கள்.

அடுத்தது கம்ப்ரஷனும் (சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது) லீக் டவுனும் (உள்ளே செலுத்திய காற்றில் எவ்வளவு கசிகிறது). கம்ப்ரஷனில் எண்ணைவிட ஒற்றுமை முக்கியம். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடப் பதினைந்து சதவீதம் குறைந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் வாங்கக் கூடாது. லீக் டவுனில் பத்து சதவீதத்துக்குள் நல்லது, இருபதைத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது வையுங்கள். ஆயில் மூடியில் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட் டப்பாவில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். பிளக் கழற்றிய கையோடு போரோஸ்கோப் (குழாய்க் கேமரா) விட்டு சிலிண்டர் சுவரைப் பார்த்துவிடலாம். குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடுகள் (தயாரிக்கும்போது போட்ட நுண்கோடுகள்) தெரிய வேண்டும், செங்குத்தான கீறல் இருக்கக் கூடாது. இன்டேக் வால்வில் கரி அப்பியிருந்தால் அது பேரம் பேசும் விஷயம் மட்டுமே. வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்துவிடலாம்.

கடைசியாக ஆயில் ஃபில்டர். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் டர்போ காரை வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது, சத்தம் எதுவும் இல்லை. வில்சன் கார்டனில் நான் போகும் பட்டறையின் மெக்கானிக் அண்ணன் தருமபுரிக்காரர். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாமல், கத்தியால் காகிதத்தை மட்டும் அறுத்தெடுத்து, பட்டறை வாசலில் வெயிலில் ஒரு தகரத்தின் மேல் விசிறி போல விரித்தார். மடிப்புகளில் ஆயில் வழிந்து இறங்க இறங்க, பொடிப் பொடியாக மின்னியது. நகை ஆசாரி பட்டறையில் பாயைத் தட்டினால் விழுமே, அந்த மாதிரி. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை அதன் மேல் நகர்த்தினார். ஒரு துகள்கூட எழும்பவில்லை.

"சார், இரும்பா இருந்தா ஒட்டியிருக்கும். செயினு, கேம் தேஞ்சிருக்குன்னு சொல்லலாம். இது ஒட்டல. பேரிங்தான் போயிட்டிருக்கு. இன்னிக்கே நிறுத்திட்டா கிராங்க் தப்பிக்கும்."

அன்றே நிறுத்தினேன். சம்பைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு பேரிங்கில் செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க் தப்பித்தது. வாங்கும் முன்பே அந்த ஃபில்டரை அறுத்துப் பார்த்திருந்தால் அந்தச் செலவு என்னுடையதாக இருந்திருக்காது. ஆகவே ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். முடிந்தால் ஆயில் மாதிரியை லேப்புக்கும் அனுப்புங்கள். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங், சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி, சோடியமோ பொட்டாசியமோ வந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம்.

ஏழாம் படி: வெள்ளமும் ரீமேப்பும்

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் விலை உயர்ந்த கார்கள் தண்ணீரில் நின்றதை எல்லாரும் பார்த்தோம். தண்ணீர் சிலிண்டருக்குள் போன வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். வளைந்தும் மாதக்கணக்கில் ஓடும், ஒரு நாள் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடி நுனியில் சேறு படிந்த கோடு இருக்கிறதா, சீட் தண்டவாளப் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீமேப் செய்த வண்டியை, அதாவது பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிய வண்டியை, நான் ஒதுக்குவதில்லை. நல்ல ட்யூனர் போட்ட ஸ்டேஜ் 1 (பாகங்களைத் தொடாமல் சாஃப்ட்வேர் மட்டும் மாற்றுவது), கூடவே ஒழுங்கான ஆயில், நல்ல பெட்ரோல் என்றால் பரவாயில்லை. விற்கும் முன் பழைய கம்பெனி சாஃப்ட்வேருக்கு மாற்றி "எதுவும் செய்யலை" என்று சொல்வதுதான் ஆபத்து. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் கம்பெனி கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடித்து டிடி1 என்று குறித்துவிடும்.

எட்டாம் படி: வாங்கிய பிறகு

கார் விலையில் பதினைந்து சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேரமே பேசுங்கள். முதல் மாதத்திலேயே எல்லா ஆயிலையும், கூலன்ட்டையும், பிளக்கையும், பெல்ட்டையும் மாற்றுங்கள். ஜேசி ரோட்டில் எல்லாப் பார்ட்டும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். காயில், பிளக், ஆயில் ஃபில்டர் மூன்றையும் ரசீது கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

பெட்ரோல் மூடிக்கு உட்பக்கம் 95 அல்லது 98 என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள். 2023 பிப்ரவரியில் இந்த ஊரில் நடந்த விழாவில்தான் பிரதமர் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தொடங்கி வைத்தார். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், ஆனால் ஈரத்தை இழுக்கும். பத்து வருடத்துக்கு மேலான காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால், டேங்கில் அந்தப் பெட்ரோல் அரைகுறையாகக் கிடக்க விடாதீர்கள். பழைய ஃபியூயல் ஹோஸ்களை இ20-ஐத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை ஐந்தரைக்கு, ஓசூர் வரை போய்விட்டு வாருங்கள். நாற்பது நிமிடம் ஆயில் முழுச் சூட்டில் ஓடினால்தான் அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறும். வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டர்போவை ஆற விடுங்கள். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, சமதளத்தில், டிப்ஸ்டிக் இருக்கும் வண்டி என்றால் எடுத்துத் துடைத்து ஆயில் அளவைப் பார்த்து, மீட்டர் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.